பூசும் பூஞ்சை மருந்துகள்: கேள்வி பதில்

மருந்தியல் கற்பிப்பவன் நான். பூசும் மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று கேளுங்கள், சொல்கிறேன். தோலின் படத்தை அனுப்பி ‘இது என்ன?’ என்று கேட்டால் பதில் கிடைக்காது.

கேள்வி: படர்தாமரைக்கு ஒருவர் க்ளோட்ரிமசோல் தருகிறார், இன்னொருவர் டெர்பினாஃபின் தருகிறார். இரண்டும் ஒன்றுதானா?

குறி ஒன்று, அடிக்கும் இடம் வேறு. நம் செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. பூஞ்சையின் சவ்வில் அந்த இடத்தில் எர்கோஸ்டெரால். ஸ்குவாலீன் என்ற பொருளில் தொடங்கிப் பல படிகளில் பூஞ்சை அதைத் தயாரிக்கிறது. டெர்பினாஃபின் தொடக்கப் படியிலேயே வழி மறிக்கிறது. எர்கோஸ்டெரால் கிடைக்காமல் போவதோடு, செலவாகாத ஸ்குவாலீன் உள்ளே குவிந்து நஞ்சாகிறது; படர்தாமரைப் பூஞ்சை செத்துவிடுகிறது. க்ளோட்ரிமசோல் போன்ற அசோல்கள் பின்னால் வரும் ஒரு படியை மறிக்கின்றன. பெரும்பாலும் வளர்ச்சிதான் நிற்கும். மீதி வேலையை உதிரும் தோல் முடிக்க வேண்டும். அதனால்தான் அசோல் களிம்புக்குக் கூடுதல் வாரங்கள்.

கேள்வி: மூன்றே நாளில் அரிப்பு நின்றுவிட்டது. நிறுத்திவிடலாமா?

கூடாது. அரிப்பு அடங்குவது வேறு, பூஞ்சை ஒழிவது வேறு. மருத்துவர் சொன்ன காலம் முழுவதும் பூசுங்கள். படர்தாமரை வளையத்தின் ஓரத்தில்தான் பூஞ்சை மும்முரமாக இருக்கும். ஆகவே ஓரத்தைத் தாண்டி இரண்டு செ.மீ. வரை பூச வேண்டும்.

கேள்வி: என்னிடம் மூன்று மருந்து கலந்த களிம்பு இருக்கிறது. இரண்டு நாளில் சிவப்பே போய்விட்டது. அதையே பூசலாமே?

அந்த மூன்றில் ஒன்று ஸ்டீராய்டா என்று குழாயின் மேல் பாருங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று இருந்தால் வைத்துவிடுங்கள். சிவப்பும் அரிப்பும் உங்கள் உடல் பூஞ்சையை எதிர்ப்பதன் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பைத்தான் அடக்குகிறது. குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டால் திருடன் போய்விடுவானா? வளையம் உருத் தெரியாமல் பரவும், தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகும். பிறகு பார்க்கும் மருத்துவருக்கே நோய் அடையாளம் தெரியாமல் போகும்.

கேள்வி: நிஸ்டாட்டின் களிம்பு படர்தாமரைக்கு ஆகுமா?

ஆகாது. அது கேண்டிடா என்ற வேறு வகைப் பூஞ்சைக்கு.

கேள்வி: தேமலுக்கு மருந்து போட்டும் வெள்ளை போகவில்லை. மருந்து போலியா?

மருந்தைக் குறை சொல்வதற்கு முன் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். மாவு போல் செதில் உதிராவிட்டால் பூஞ்சை பெரும்பாலும் அடங்கியிருக்கும். நிறம் திரும்பத்தான் மாதக்கணக்கில் ஆகும். இதில் ஒரு வேடிக்கை: டெர்பினாஃபினைத் தேமலுக்குப் பூசினால் கேட்கும், மாத்திரையாக விழுங்கினால் கேட்காது.

கேள்வி: ஆய்வகத்தில் துளி மருந்திலேயே பூஞ்சை சாகிறதாம். எட்டு மாதமாக நகச்சொத்தைக்குப் பூசுகிறேன். ஏன் போகவில்லை?

ஆய்வகத் தட்டில் நகம் இல்லையே! நகம் முழுக்கக் கெரட்டின் என்ற கடினமான புரதம். மருந்து கெரட்டினோடு ஒட்டிக்கொண்டால் அந்த அளவுக்கு அது வீண். பூஞ்சையோ அடியில், நகப் படுகையில் இருக்கிறது. சொத்தை நகத்தை வெட்டும்போது அடியிலிருந்து மஞ்சளாகப் பொடி உதிருமே, அங்கேதான். சாதாரணக் களிம்பு அதுவரை போகாது. அதற்காகத்தான் 5% அமரோல்ஃபின், 8% சைக்ளோபிராக்ஸ் பூச்சுகள்: கரைப்பான் ஆவியானதும் மருந்து செறிந்த படலம் நகத்தின் மேல் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குகிறது. எஃபினகோனசோல் என்ற நகத்தில் பூசும் இன்னொரு மருந்து கெரட்டினோடு அதிகம் ஒட்டாதது. அதையே 48 வாரம் தினமும் பூசிய சோதனைகளில் முழுக் குணம் கண்டவர்கள் 15 முதல் 18 சதவீதம்தான்.

அவரே மீண்டும்: நூற்றில் எண்பது பேருக்குப் பயன்படாததை மருந்து என்று விற்பது மோசடி இல்லையா?

‘முழுக் குணம்’ என்றால் நகத்தில் ஒரு மாசும் இருக்கக் கூடாது, பரிசோதனையிலும் பூஞ்சை தெரியக் கூடாது. பூஞ்சை ஒழிந்ததா என்று மட்டும் பார்த்தால் அதே சோதனைகளில் பாதிக்குச் சற்று மேல். கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மி.மீ. அளவில்தான் வளர்கிறது, முழு நகம் மாற ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம். கெட்ட நகத்தை எந்த மருந்தும் நல்லதாக்காது, புது நகம்தான் அதைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். எட்டு மாதத்தில் தீர்ப்பு எழுதாதீர்கள். நகத்தின் வேர்ப் பக்கத்திலிருந்து தெளிந்த நகம் வருகிறதா என்று பாருங்கள்.

குறுக்கிட்ட இன்னொருவர்: இத்தனை வம்பு எதற்கு? மாத்திரை போட்டால் முடிந்தது.

பல நகங்களில் இருந்தாலோ, நகத்தின் வேர் வரை போயிருந்தாலோ நீங்கள் சொல்வதுதான் சரி. டெர்பினாஃபின் 250 மி.கி. தினமும், கால் நகத்துக்கு 12 வாரம் என்பது வழக்கம். ஆனால் கல்லீரலையும் மற்ற மருந்துகளையும் பார்த்துத்தான் தருவார்கள். ‘போட்டால் முடிந்தது’ என்பது உங்கள் வாயில் சுலபம்.

அவரே மீண்டும்: மாத்திரை போட்டும் போகாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நானும்தான். உருக்குலைந்த நகங்களில் ஏறக்குறைய பாதிக்குப் பூஞ்சையே காரணமில்லை. சோரியாசிஸ் இருக்கும், காலணி இடித்திருக்கும். நகத் துணுக்கைப் பரிசோதிக்காமல் மாதக்கணக்கில் மருந்து எடுப்பவர்களுக்கு என்ன சொல்வது? நகச் சண்டையை இத்துடன் முடித்துக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: குழந்தையின் தலையில் வட்டமாக முடி கொட்டுகிறது. எந்தக் களிம்பு?

களிம்பு போதாது. பூஞ்சை என்றால் அது முடிக்குள் இருக்கும், வாய்வழி மருந்து வேண்டும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அரிப்பு உடனே நிற்க, ஸ்டீராய்டு கலந்ததை ஒரு வாரம் மட்டும்...

மூன்றாவது பதில்.

கேள்வி: ஒரு வாரத்தில் நின்றுவிட்டது, இனி...

இரண்டாவது பதில். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோய் உண்டு. விரலிடுக்கில் சேற்றுப்புண், தோல் வெடித்துச் சிவந்து வீங்கியிருக்கிறது. டெர்பினாஃபின் பூசலாமா?

வெடிப்பின் வழியே பாக்டீரியா நுழைந்திருக்கலாம், அதைப் பூஞ்சைக் களிம்பு தடுக்காது. என் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம், இன்றே மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள்.