கிருமியைக் கொன்றால் இரைப்பைச் சவ்வு திரும்புமா? கேள்வி பதில்

இராமநாதபுரத்தில் பல வருஷமாக எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் சோதனை, செய்யும் மருத்துவன் நான். இரைப்பையில் குடியிருக்கும் எச். பைலோரி கிருமி பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

பாம்பன்: டாக்டர், அம்மாவுக்கு 52 வயசு. எச். பைலோரி இருக்காம். பயாப்சியில் 'இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா'ன்னு போட்டிருக்கு. கேன்சரா? மருந்துல மாறுமா?

கேன்சர் இல்லை தம்பி. அதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். இந்தக் கிருமி வருஷக்கணக்கில் உள்ளே இருந்து சவ்வை அழற்சியிலேயே வைத்திருக்கும். அமிலம் சுரக்கும் சுரப்பிகள் மெலியும். நல்ல சவ்வு இளஞ்சிவப்பாக, மடிப்பு மடிப்பாக இருக்கும். மெலிந்த சவ்வு வெளுத்து, மடிப்பு தேய்ந்து, அடியில் ஓடும் ரத்தக்குழாய்கூடத் தெரியும். பிறகு அங்கே குடலின் செல்கள் முளைக்கும், அதுதான் இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா. அம்மா நிற்பது இந்தப் படியில். அடுத்தது செல்கள் ஒழுங்கு கெடும் டிஸ்பிளேசியா, அதற்கும் அப்பால்தான் புற்று. பெரும்பாலோர் அவ்வளவு தூரம் போவதில்லை.

கிருமி ஒழிந்தால் அழற்சி ஆறும். சுரப்பி மெலிவும் பலருக்கு மெல்லத் தேறும். குடல் செல் முளைத்தது திரும்புவது கடினம், சிலருக்கே குறைகிறது. அதனால் மருந்து வீண் என்று நினைக்காதீர்கள். தைவானின் மாட்சு தீவுகளும் நம்மைப் போல மீன்பிடி ஊர்கள்தான். அங்கே 2004 முதல் ஊரில் 30 வயசு தாண்டியவர்களைச் சோதித்து, கிருமி இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். இரைப்பைப் புற்று பாதிக்குப் பாதி குறைந்தது. அம்மாவுக்கு மெட்டாபிளேசியா பரவலாக இருந்தால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பியும் வேண்டும்.

கீழக்கரை: ஆறாம் நாளே வலி போயிருச்சு. மாத்திரையை நிறுத்திட்டேன்.

வலி போனால் கிருமி போனதாகாது. 14 நாள் என்றால் 14 நாள். பாதியில் விட்டால் தப்பிய கிருமி அந்த மருந்துக்கு மசியாமல் போகலாம். எழுதிக் கொடுத்தவரிடமே திரும்பிப் போங்கள், மருந்துக் கூட்டை மாற்ற வேண்டியிருக்கலாம்.

தொண்டி: கோர்ஸ் முடிஞ்சு ஒரு வாரத்துல ரத்த டெஸ்ட், இன்னும் பாசிட்டிவ்.

ரத்த டெஸ்ட் பார்ப்பது கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. கிருமி போன பிறகும் அது மாதக்கணக்கில் பாசிட்டிவாகவே இருக்கும். கோர்ஸ் முடிந்து நாலு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே கேஸ் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும்.

மண்டபம்: கருவாடு ஆகாதாமே?

உப்பு மிகுந்தால் சவ்வு கெடும், கிருமியின் வேலை சுலபமாகும். குறைத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமடம்: எங்க தாத்தா தினம் கருவாடு தின்னு 90 வயசு இருந்தாரு. எங்க பொழப்புல மண்ணைப் போடாதீங்க.

அக்கா, நானும் காரல் கருவாட்டுக் குழம்பில் வளர்ந்தவன். மணலில் வெறும் வெயிலில் காயும் நெத்திலியை நான் குறை சொல்லவில்லை. உப்பில் ஊறிக் கிடக்கும் சுறாவையும் சீலாவையும்தான் சொல்கிறேன். நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரை இரண்டு தடவை கொட்டிவிட்டுச் சமையுங்கள். கிருமி உள்ள எல்லோருக்கும் புற்று வருவதில்லை, தாத்தாவுக்கும் வரவில்லை. நல்லது. அதை வைத்துப் பேரப்பிள்ளைக்குச் சோதனை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

மண்டபம்: அப்ப விக்கலாமா, கூடாதா?

தாராளமாக விற்கலாம். கருவாட்டுப் பேச்சு இத்தோடு போதும், கிருமிக்கு வாருங்கள்.

சாயல்குடி: கருப்பட்டியும் மஞ்சளும் கலந்து குடிச்சா கிருமி சாகுமா?

சாகாது.

உச்சிப்புளி: வலி நின்னதும் மருந்தை விடலாமா?

கீழக்கரைக்குச் சொன்னதைப் படியுங்கள். விடக்கூடாது.

தேவிபட்டினம்: மூலத்துக்கு என்ன செய்யலாம்?

அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

திருப்புல்லாணி: மாத்திரை ஆரம்பிச்சதும் மலம் கறுப்பாகுது.

மருந்துக் கூட்டில் உள்ள பிஸ்மத் மாத்திரையால் அப்படி ஆகும். தார் மாதிரி பிசுபிசுத்தாலோ, தலை சுற்றினாலோ ரத்தக்கசிவாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதே கூட்டில் வரும் டெட்ராசைக்ளினோடு பால், இரும்புச்சத்து மாத்திரை கூடாது. மெட்ரோனிடசோல் ஓடும்போது சாராயம் அறவே கூடாது.

ஏர்வாடி: அப்பா இரைப்பைப் புற்றுல தவறிட்டாங்க. நாங்க மூணு பிள்ளைங்க. யாருக்கும் வலி இல்லை. சோதிக்கணுமா?

மூன்று பேருமே சோதிக்க வேண்டும், இந்த மாதமே. கிருமி சிறு வயதில் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் தொற்றுகிறது. வலிக்காகக் காத்திருந்தால் அதற்குள் சவ்வு மாறியிருக்கலாம். மலப் பரிசோதனையில் தொடங்குங்கள். 40 தாண்டியவருக்கு எண்டோஸ்கோப்பியும் கேளுங்கள். ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.