ஒரே வகுப்பு, இரண்டு கணக்கு: வாட்ச் எழுதட்டுமா, வகுப்பு ஆப் எழுதட்டுமா?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வெயிலுக்குப் பயந்து வாரநாட்களில் காலை 5 மணிக்கும், ஞாயிறு 6.30 மணிக்கும் ஆன்லைன் உடற்பயிற்சி வகுப்பு செய்கிறேன். என்னுடையது ஆண்ட்ராய்டு போன். கையில் வாட்ச் உண்டு. வாட்ச் ஆப், வகுப்பு ஆப் இரண்டையும் போனிலுள்ள ஹெல்த் கனெக்டோடு இணைத்தேன். இப்போது ஒரே வகுப்பு இரண்டு தடவை விழுகிறது. ஒன்றில் 270 கலோரி, இன்னொன்றில் 235. அதிலும் வகுப்பு ஆப் எழுதுவது முந்தைய நாள் தேதியில் போய் விழுகிறது. ஞாயிறு மட்டும் சரியாக இருக்கிறது. சில நாள் வாட்ச் கணக்கு வருவதே இல்லை. மொபைல் கடையில் 500 ரூபாயும் ஜிமெயில் பாஸ்வேர்டும் கேட்கிறார்கள். ஆறு மாதப் பழைய கணக்கையும் கொண்டுவந்து தருவார்களாம். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இது. ஒரு ஆப்பை இன்னொன்றோடு இணைக்க உங்கள் பாஸ்வேர்டு யாருக்கும் தேவையில்லை. ஹெல்த் கனெக்ட் என்பது, உடற்பயிற்சிக் கணக்குகளை ஆப்புகள் போட்டுவைத்துப் பகிர்ந்துகொள்ள உங்கள் போனுக்குள்ளேயே இருக்கும் ஒரு பெட்டி. அதில் எழுத ஒரு அனுமதி, அதிலிருந்து படிக்க ஒரு அனுமதி, அவ்வளவுதான். இரண்டும் உங்கள் விரல் தொட்டுத் திறக்கிற பொத்தான்கள். இதற்குப் பாஸ்வேர்டு கேட்பவர், வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்து பீரோ சாவி கேட்பவரைப் போல. எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் இப்படித்தான் ஒரு கடையில் பாஸ்வேர்டைச் சொல்லி, வந்த ஓடிபியையும் படித்துக் காட்டினார். பிறகு ஒரு வாரம் அவரால் தன் மெயிலுக்குள்ளேயே போக முடியவில்லை. பென்ஷன் கடிதம் எல்லாம் அதில்தான். நீங்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தால் இன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எந்தெந்த ஆப்புகளும் போன்களும் இணைந்திருக்கின்றன என்று தெரியும், அறிமுகமில்லாததை நீக்கிவிடுங்கள். பணம் ஏதும் போயிருந்தால் 1930 என்ற எண்ணைத் தாமதிக்காமல் கூப்பிடுங்கள்.

ஆறு மாதக் கணக்கு என்பதும் ஆசைகாட்டல்தான். புதிதாக அனுமதி பெறும் ஆப், ஹெல்த் கனெக்டிலிருந்து பொதுவாக அனுமதி கொடுத்த நாளுக்கு முந்தைய 30 நாள் விவரத்தைத்தான் படிக்க முடியும். அதற்கு முந்தையதைப் படிக்கத் தனி அனுமதி இருக்கிறது. அதை அந்த ஆப் கேட்க வேண்டும், கடைக்காரரால் வரவழைக்க முடியாது. கூகுளின் பழைய உடற்பயிற்சிக் கணக்கு ஆப்பான கூகுள் ஃபிட் வழியாக இணைத்துத் தருகிறேன் என்றாலும் சம்மதிக்காதீர்கள். 2024 மே முதல் அந்த வழியில் புதிய ஆப் தயாரிப்பாளர்களைச் சேர்ப்பதை கூகுளே நிறுத்திவிட்டது. யூட்யூபில் இன்னும் அந்தப் பழைய வீடியோக்கள்தான் முதலில் வருகின்றன.

சரி, உங்கள் இரட்டைக் கணக்குக்கு வருவோம். பால் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பால்காரர் தன் அட்டையில் குறிக்கிறார், நீங்கள் காலண்டரில் குறிக்கிறீர்கள். மாதக் கடைசியில் இரண்டையும் கூட்டினால் என்ன ஆகும்? அதுதான் இங்கே நடக்கிறது. வகுப்பு ஆப் ஒரு வரி எழுதுகிறது, வாட்ச் ஆப் ஒரு வரி எழுதுகிறது. உங்கள் 505 கலோரியில் பாதிதான் உங்களுடையது.

எதை எழுத விடுவது? வாட்சை. வகுப்பு ஆப்பிடம் உங்கள் உடம்பை அளக்க எதுவுமே இல்லை. உங்கள் எடை, பயிற்சியின் வகை, நேரம் மூன்றையும் பெருக்கி ஒரு எண் போடும். எடை 60 கிலோ, ஓரளவு கடினமான பயிற்சிக்கு 6 என்ற எண், முக்கால் மணி நேரம். பெருக்கிப் பாருங்கள், 270 வரும். நடுவில் பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்திருந்தாலும் 270தான். வாட்ச் சொல்வதும் மதிப்பீடுதான், ஆனால் அது நாடித்துடிப்பையாவது பார்க்கிறது.

ஆகவே போன் செட்டிங்ஸில் ஹெல்த் கனெக்ட் என்று தேடித் திறந்து, வகுப்பு ஆப்பைத் தொட்டு, அதன் 'எழுதும்' அனுமதிகளை மட்டும் அணையுங்கள். எல்லா அனுமதியையும் நீக்கும் பொத்தானைத் தொட்டால், இதுவரை எழுதியதையும் அழிக்கட்டுமா என்று ஒரு சின்னக் கட்டத்தோடு கேட்கும். அவசரத்தில் அதை டிக் செய்துவிடாதீர்கள். (ஐபோன்காரர்களுக்கு ஹெல்த் ஆப், யோசனை இதேதான்.)

ஒரு விதிவிலக்கு, இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்: வாட்ச் கட்டாத நாள். சார்ஜில் இருக்கும், அல்லது உள்ளங்கையை ஊன்றும் ஆசனங்களில் மணிக்கட்டை அழுத்துகிறது என்று கழற்றி வைத்திருப்பீர்கள். அன்று வரி விழாது. உடனே வகுப்பு ஆப்பின் அனுமதியைத் திறப்பார்கள், மறுநாள் மூட மறப்பார்கள், மறுபடி இரட்டைக் கணக்கு. திறக்காதீர்கள். அன்றைய வகுப்பை, நீங்கள் கணக்குப் பார்க்கும் ஆப்பில் கையால் சேர்த்துவிடுங்கள். தொடங்கிய நேரம், 45 நிமிடம், முடிந்தது. வாட்ச் இருபதாவது நிமிடத்தில் சார்ஜ் தீர்ந்து நின்றுபோனால், அந்த அரைகுறை வரியை அழித்துவிட்டு முழு வகுப்பையும் கையால் எழுதுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டால் பழைய கதைதான். கட்டியிருந்தும் தொடக்கப் பொத்தானை அழுத்த மறந்தால் அதுவும் வாட்ச் கட்டாத நாள்தான். தானாகக் கண்டுபிடிக்கும் வாட்சுகள் நடையை எளிதில் பிடிக்கும், பாயில் செய்யும் பயிற்சியைப் பல நேரம் விட்டுவிடும். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் வாட்ச் கட்டுவதில்லை என்றால் முழுவதையும் திருப்பிப் போடுங்கள்: வகுப்பு ஆப் எழுதட்டும், வாட்ச் ஆப்பின் உடற்பயிற்சி அனுமதியை மட்டும் அணையுங்கள்.

இனி அந்தத் தேதி. ஞாயிறு மட்டும் சரி என்று எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. நமக்குத் திங்கள் காலை 5 மணி என்றால், பொது நேரத்தில் ஞாயிறு இரவு 11.30. சில ஆப்புகள் அந்தத் தேதியை அப்படியே தூக்கிப் போட்டுவிடுகின்றன. 5.30க்கு முன் தொடங்குவதெல்லாம் நேற்றாகிவிடும், 6.30 தப்பிக்கும். சித்திரை, வைகாசியில் வேலூரில் ஏழு மணிக்கு மேல் யார் மூச்சுவாங்கப் பயிற்சி செய்ய முடியும்? கோட்டைக்கு நடக்க வருகிறவர்களே இருட்டோடு வந்துவிடுகிறார்கள். விடியலில் எழும் ஊருக்கெல்லாம் இந்தத் தவறு நடக்கும் என்று ஆப் செய்கிறவர்களுக்கு ஏன் தோன்றுவதில்லை? புகார் எழுதினால் 'ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்' என்று ஒரே பதில். பத்துத் தடவை நிறுவினாலும் ஐந்தரை மணி நேரம் எங்கே போகும்? வகுப்பு ஆப்பின் சுயவிவரத்தில் நேர மண்டலம் இருந்தால் கொல்கத்தா என்று வையுங்கள். இல்லையென்றாலும் பரவாயில்லை, அதன் எழுதும் அனுமதியைத்தான் அணைத்துவிட்டோமே.

வாட்ச் கணக்கு வராத நாட்களுக்குக் காரணம் பெரும்பாலும் போனின் பேட்டரி சேமிப்பு. பின்னணியில் ஓடும் வாட்ச் ஆப்பைப் போனே தூங்க வைத்துவிடுகிறது. அந்த ஆப்பின் பேட்டரி அமைப்பில் 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றுங்கள். ஆட்டோஸ்டார்ட் என்று இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள்.

நாளைக் காலை வகுப்பு முடிந்ததும் ப்ளூடூத் ஆனில் இருக்கிறதா என்று பார்த்து, வாட்ச் ஆப்பைத் திறந்து திரையைக் கீழே இழுங்கள். சுற்றும் வட்டம் நிற்கும் வரை மூடாதீர்கள். பிறகு ஹெல்த் கனெக்டில் உடற்பயிற்சிப் பக்கம் பாருங்கள்: நாளைய தேதியில், 5 மணிக்கு நேராக, வாட்ச் ஆப்பின் பெயரோடு ஒரே ஒரு வரி இருக்க வேண்டும். இரண்டு இருந்தால், இரண்டாவதை எழுதிய ஆப்பின் பெயர் என்ன என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். பாஸ்வேர்டு எனக்கும் வேண்டாம்.