அண்ணன் தம்பிகளுக்கு ஒரே மனைவி: பாகம் பிரிக்கும்போது பெண்ணுக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: நான் இமாச்சலின் கின்னௌர் பழங்குடிப் பெண். ஊர் வழக்கப்படி அண்ணன் தம்பி மூவருக்கும் மனைவி. ஒரு மகன், ஒரு மகள். பஞ்சாயத்துப் பதிவேட்டில் இருவருக்கும் தந்தை மூத்தவர்தான். அவர் காலமாகிவிட்டார். இளையவர் வேறு பெண்ணை மணந்துகொண்டு பாகம் கேட்கிறார். எனக்கும் மகளுக்கும் ஒன்றுமில்லை என்கிறார்.

பதில்: திருமணமே செல்லாது என்று மிரட்டினால் அஞ்சாதீர்கள். 1955 இந்து திருமணச் சட்டத்தின் 2(2) பிரிவு பட்டியல் பழங்குடிகளை விலக்கி வைத்திருக்கிறது. உங்களுக்கு வழக்கமே சட்டம்.

சொத்தில்தான் சிக்கல். 1956 வாரிசுரிமைச் சட்டத்திலும் அதே விலக்கு உண்டு. பழங்குடிப் பகுதி மகள்களுக்கும் அச்சட்டப்படி பங்குண்டு என்று 2015-ல் இமாச்சல் உயர் நீதிமன்றம் சொன்னதை, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. பழைய தீர்ப்பை மட்டும் நம்பி வழக்குப் போட்டால் தோற்பீர்கள். ஆனால் 2025 ஜூலையில், சத்தீஸ்கர் கோண்டு பழங்குடிக் குடும்ப வழக்கில், பெண்ணை விலக்கும் வழக்கம் நிரூபிக்கப்படாததால் சமத்துவத்தின் அடிப்படையில் அதே நீதிமன்றம் பங்கு கொடுத்தது. உங்கள் மகளின் வழக்கு நிற்க வேண்டிய இடம் அதுதான்.

முதலில் பட்வாரியிடமும் (ஊர் நிலக் கணக்கர்) வருவாய்ப் பதிவறையிலும் உங்கள் ஊரின் வாஜிப்-உல்-அர்ஸ் (ஊர் வழக்கங்களின் பதிவு), வம்சாவளி, ஜமாபந்தி (நில உரிமைப் பதிவேடு) நகல்களை வாங்குங்கள். பழையவை உருதுவில் இருக்கலாம். சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். மகளுக்குப் பங்கில்லை என்று வாஜிப்-உல்-அர்ஸில் எழுதியிருந்தாலும் அது முடிவல்ல, மறுத்து நிரூபிக்கலாம். பெண்களைக் கேட்காமல் எழுதிய குறிப்புகளை உடைக்கச் சில முன்னுதாரணங்களே போதும் என்று பழைய தீர்ப்புகள் சொல்கின்றன. ஊரில் எந்த வீட்டில் மகள் பெயருக்கு நிலம் மாறியதோ, அந்தப் பெயர்மாற்ற நகலைத் தேடுங்கள். வாய்ச்சாட்சியைவிட அதற்கு வலு அதிகம்.

பலரும் கோட்டை விடுவது வேறோரிடத்தில். காகிதத்தில் பிள்ளைகள் மூத்தவருக்கு மட்டுமே வாரிசு. நடுச் சகோதரர் கண்மூடினால், அவருக்குப் பிள்ளையே இல்லை என்று சொல்லி இளையவர் அந்தப் பங்கையும் கேட்பார். ஆகவே, இவர்கள் தன் பிள்ளைகளும்தான் என்று நடுச் சகோதரர் இப்போதே பிரமாணப் பத்திரம் எழுதட்டும். தன் பங்குக்குப் பதிவு செய்த உயிலும் எழுதட்டும். பூர்வீக நிலத்தில் உயிலை எதிர்ப்பார்கள் என்பதால் இரண்டும் தேவை.

தாசில்தாரிடம் பாக மனு வந்தால் உரிமைத் தகராறு இருப்பதை எழுத்தில் கொடுங்கள். பெயர்மாற்றம் ஆகிவிட்டாலும் கலங்க வேண்டாம். அதனால் மட்டும் உரிமை பிறக்காது. உரிமை விளம்பல் வழக்குக்கு (உரிமை உங்களுடையது என நீதிமன்றம் அறிவிக்கக் கோரும் வழக்கு) கெடு மூன்றாண்டு, உங்கள் உரிமை மறுக்கப்பட்ட நாளிலிருந்து.

சமரசம் என்றால், ஆப்பிள் தோட்டத்தைப் பரப்பால் மட்டும் பிரிக்க விடாதீர்கள். காய்க்கும் மரங்களையும் நீர்வாய்க்கால் முறையையும் எண்ணிப் பாகப் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்யுங்கள். நீங்கள் குடியிருக்கும் அறைகளும் அதிலேயே உங்கள் பெயரில் வர வேண்டும்.