அந்த நூறு எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்

ஒரு நச்சுப்பொருளைப் பற்றிய அளவீடுகளை எல்லாம் திரட்டிய பிறகும், "இதில் மனிதர்கள் எடுத்த முடிவு எங்கே இருக்கிறது?" என்று உங்கள் ஆய்வு நெறியாளர் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள், முடிவு அந்த எண்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

'பாதுகாப்பான அளவு' என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். விலங்குச் சோதனையில் தீங்கு தென்படாத உச்ச அளவை வழக்கமாக 100ஆல் வகுப்பார்கள். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஒரு 10. குழந்தை, கர்ப்பிணி, நோயாளி என மனிதருக்குள் உள்ள வேறுபாட்டுக்கு இன்னொரு 10. எவ்வளவு எச்சரிக்கை போதும் என்று சிலர் கூடிப் பேசி வைத்த எண்கள் இவை. உங்கள் பொருளுக்கு இந்த வகுக்கும் எண்களில் எது கூடியது, எது குறைந்தது, யார் ஆட்சேபித்தார்கள்? அந்த அளவை நிர்ணயித்த அமைப்பின் வரைவு அறிக்கையையும் இறுதி அறிக்கையையும் அருகருகே வைத்து, மாறிய வரிகளைக் குறித்துக்கொண்டே போங்கள். பொதுமக்கள் கருத்துகளுக்குத் தந்த பதில்களை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எனக்கு அதிகம் கற்றுத்தந்தவை அவைதான்.

ஒப்பிட ஓசோன் நல்ல எடுத்துக்காட்டு. ஸ்பிரே டப்பாக்களிலும் குளிர்பதனப் பெட்டிகளிலும் பயன்பட்ட குளோரோஃப்ளூரோகார்பன் என்ற வேதிப்பொருள் ஓசோன் படலத்தை அழிக்கும் என்ற எச்சரிக்கை 1974ல் வந்தது. 1978லேயே அமெரிக்கா ஸ்பிரே டப்பாக்களில் அதைப் பெரும்பாலும் தடைசெய்துவிட்டது. அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டை பற்றிய கட்டுரை வெளியானதோ 1985ல்! ஏன் முதலில் ஸ்பிரே, குளிர்பதனப் பெட்டி பிறகு? அதே கேள்வியை உங்கள் பொருளிடமும் கேட்டுப் பாருங்கள்.