வாசகர் கேள்வி: ஆகாயத்தில் பள்ளம் இருக்கிறதா?

கேள்வி: அடுத்த மாதம் மகளைப் பார்க்கச் சென்னைக்குப் போகிறேன். போன தடவை வங்கக் கடலுக்கு மேலே விமானம் பயங்கரமாகக் குலுங்கியது. 'ஏர் பாக்கெட்' (ஆகாயப் பள்ளம்), ஆயிரம் அடி விழுந்துவிட்டோம் என்றார் பக்கத்து சீட்டுக்காரர். நிஜமா?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: பள்ளமெல்லாம் கிடையாது அம்மா. சூடான காற்று மேலே எழும்பும், மழை கொட்டும் இடத்தில் குளிர்ந்த காற்று கீழே பாயும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் விமானம் நுழையும்போதுதான் அப்படித் தூக்கிப் போடுகிறது. நம் பக்கத்து இடிமேகங்கள் சில 50,000 அடிக்கும் மேலே வளரும், விமானமோ 40,000 அடிக்குள் பறப்பது, அதனால் தாண்ட முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். மழை இருக்கும் மேகம் விமானியின் ரேடாரில் தெரிந்துவிடும். மேகமே இல்லாமல் வரும் குலுக்கல் தெரியாது, அதுதான் தொல்லை.

அந்த ஆயிரம் அடிக் கதையை விடுங்கள். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியன்மாருக்கு மேலே மாட்டிக்கொண்டு, பேங்காக்கில் இறங்கியதே, ஒருவர் இறந்து பலர் காயப்பட்டார்களே, அதிலேயே விமானம் கீழே போனது 178 அடிதான், 4.6 விநாடியில். இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிர்பார்க்கும் அதிகபட்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்கும்படிதான் அதைச் செய்கிறார்கள். பெல்ட் போடாதவர்கள்தான் சீட்டை விட்டு எழும்பி விழுந்தார்கள். ஆகவே பெல்ட் விளக்கு அணைந்தாலும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள், கிடைத்தால் இறக்கைப் பக்கம் உட்காருங்கள், வால் பக்கம் ஆட்டம் கூடுதல்.

கேள்வி: போனில் வரும் மலாய் வானிலை எச்சரிக்கை சில நாள் 'ரிபுட் பெத்திர்' என்கிறது, சில நாள் 'ஹூஜான் பெர்தெருசான்' என்கிறது. எதற்குப் பயப்படுவது?
– தோட்ட மண்டோர் (மேற்பார்வையாளர்), அதே ஊர்

பதில்: முதலாவது இடிமழை எச்சரிக்கை. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் என்றால் வரும், ஒரு தடவை விட்டால் அதிகம் போனால் ஆறு மணி நேரத்துக்குத்தான் செல்லும். அது வந்தால் ஆளைத் திறந்த வெளியில் நிறுத்தாதீர்கள், மரத்தடியிலும் வேண்டாம். இரண்டாவது தொடர்மழை: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஏறும், சிவப்பு என்றால் வெள்ளத்துக்குத் தயாராகுங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை விடியலுக்கு முன்னால் சுமத்ரா பக்கமிருந்து வரிசையாக வந்து அடித்துவிட்டுப் போகிறதே, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களின் அன்றைய வேலையையே கெடுக்கிறதே, அது மலாயில் 'கரிசான் படாய்' (வரிசையாக வரும் இடிமழைக் காற்று). பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் கடந்துவிடும், ஆனால் முதல் காற்றுதான் கூரையைத் தூக்கும்.