கேள்வி – பதில்: ஹக்கோனே மலைச்சாலை ஓட்டம்

கேள்வி: ஜப்பானில் புத்தாண்டையொட்டி நடக்கும் ஹக்கோனே எக்கிடென் தொடர் ஓட்டத்தில், ஐந்தாம் கட்டம் மட்டும் ஏன் அவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது?

பதில்: டோக்கியோவைச் சூழ்ந்த கான்டோ வட்டாரப் பல்கலைக்கழக மாணவர்களுக்காக 1920ஆம் ஆண்டு தொடங்கிய இப்போட்டி, ஜனவரி 2, 3 ஆகிய நாள்களில், டோக்கியோவின் ஓட்டெமாச்சியிலிருந்து ஹக்கோனே மலையிலுள்ள ஆஷி ஏரி வரை சென்று திரும்பும் சுமார் 217 கி.மீ. தொலைவைப் பத்துப் பேர் பகிர்ந்து ஓடுவதாகும். ஐந்தாமவர் ஒடவாராவில் ஏறக்குறைய கடல்மட்டத்தில் புறப்பட்டு, 20.8 கி.மீ. தொலைவுக்குள் 870 மீட்டருக்கும் மேலான உயரத்தைத் தொட்டு, பின்பு ஏரிக்கரைக்கு இறங்க வேண்டும். ஏற்றத்தில் வியர்த்து நனைந்த உடலை உச்சியின் குளிர்காற்று தாக்குவதால், கையுறையும் புயங்களை மூடும் தனி உறையும் அணிந்தே பலர் ஓடுகின்றனர். சமதளத்தில் சில நொடிகளாக இருக்கும் வேறுபாடு இங்கே நிமிடங்களாக விரிந்துவிடும், தரவரிசையே தலைகீழாகும்.

என் மனத்தை அதிகம் வருத்துவது மறுநாள் திரும்பும் ஓட்டத்தின் காட்சிதான். வீரர்கள் மாறும் இடத்தை முன்னணி அணி கடந்து 20 நிமிடங்களாகியும் தம் அணி வீரர் வந்துசேராவிட்டால், அடுத்தவர் வீரருக்கு வீரர் கைமாறும் தம் பல்கலைக்கழகத்தின் தோள்பட்டிகையான தசுக்கியைப் பெறாமலேயே, வேறொரு பட்டிகையுடன் புறப்பட வேண்டும். முதல் பத்து அணிகளுக்கு மறு ஆண்டுப் போட்டியில் நேரடி இடம் உறுதி என்பதால், பின்தங்கியவர்களும் இறுதிவரை ஓட்டத்தைத் தளர்த்துவதில்லை.