இணையத்தில் வாங்கிய அல்டனேற்றரை நானே பூட்டலாமா?

காரின் அல்டனேற்றரை (எஞ்சின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணும் பாகம்) திருகோணமலைக்கு இணையத்தில் எடுப்பித்து நீங்களே பூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பூட்டலாம். ஆனால் கார் மொடலை மட்டும் நம்பி ஓடர் போடாதீர்கள்; பழையதில் ஒட்டியிருக்கும் பாக இலக்கத்தைப் பாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் வாங்கினேன். போல்ட் ஓட்டைகள் எல்லாம் சரி, பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியில் மட்டும் 6 வரிக்குப் பதில் 5. திருப்பி அனுப்பிய கூலி தண்டம்.

கழற்றுமுன் பற்றரியின் மைனஸ் வயரை எடுத்துவிடுங்கள். அல்டனேற்றரின் தடித்த வயர் நேரே பற்றரிக்குப் போகிறது. சாவி நிறுத்தியிருந்தாலும் ஸ்பனர் பட்டால் பொறி பறக்கும். அப்புறம், எங்கள் கடற்காற்றுக்கு எர்த் வயர் முனை பச்சை பிடிக்கும், அதையும் சுரண்டுங்கள். சிலவேளை பழுதே அதுதான்! பூட்டியபின் எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் காட்டினால், பெரும்பாலான கார்களுக்குச் சரி.